கண்ணாடி வைப்பதற்கு முன்

அந்த அறைக்கு ஒரே ஒரு வாசல்தான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் கவனித்தது அதைத்தான். ஜன்னல் உண்டு. ஆனால் அதில் ஏ.சி. பெட்டியை வைத்துச் சுற்றிலும் பலகை அடித்திருந்தார்கள். முன்புறம் இடுப்பளவு உயரத்தில் ஒரு மரக் கவுன்ட்டர். அதன் நடுவில், இரண்டு பக்கமும் ஆடுகிற ஒரு குட்டைக் கதவு. அதற்குத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் பொதுமக்கள் வந்து நிற்கும் கூடம், அதைத் தாண்டினால் தெரு. தெருவிலிருந்து யார் வேண்டுமானாலும் நேராக என் மேஜை வரைக்கும் வரலாம். வந்து நின்றுவிட்டால் நான் வெளியே போக வழியில்லை.

அது டெக்ஸஸில், டாலஸிலிருந்து மேற்கே வெகுதூரம் ஓட்டிக்கொண்டு போனால் வருகிற ஒரு கவுண்டியின் ஷெரீஃப் ஆபீஸ். அதே கட்டடத்தின் பின்பக்கம் ஜெயில். நம் ஊர்த் தாலுகா ஒன்றைப் பத்து மடங்கு இழுத்துவிட்டு, ஆட்களை எல்லாம் வேறெங்கோ அனுப்பிவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும் அந்தக் கவுண்டி. பருத்திக்காடு, மாடுகள், தலையாட்டிக்கொண்டே இருக்கும் எண்ணெய்ப் பம்புகள். அத்தனைக்கும் போலீஸ் என்றால் ஷெரீஃப்பும் அவருக்குக் கீழே நாலு டெபுடிகளும்தான். எந்த நேரத்திலும் சாலையில் ஒரு கார் இருந்தால் அதிகம்.

என் கணவர் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர். டாக்டர்கள் வரத் தயங்குகிற இடத்தில் சில வருடம் வேலை பார்த்தால் இந்த நாட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்ற ஏற்பாட்டில்தான் வந்தோம். அப்படி வந்தவர்கள் பெரும்பாலும் காலக்கெடு முடிந்த வாரமே லாரியில் சாமானை ஏற்றிவிடுவார்கள். இவருக்கு அந்த ஊர் பிடித்துவிட்டது. கிரீன் கார்டு வந்தபிறகும் தங்கினோம். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். எனக்குப் பகலெல்லாம் வீடும் காற்றும் மட்டும்.

ஷெரீஃப்பின் தாயார் என் கணவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர். அந்தப் பழக்கத்தில் ஒரு நாள் ஷெரீஃப், "டாக்டர், உங்க மனைவிக்கு டைப் அடிக்கத் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார். நான் ஈரோட்டில் பி.காம். முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். அன்று சாயங்காலம் வீட்டில் பெரிய வாக்குவாதம்.

"ஜெயிலுக்குப் பக்கத்துல போயி உக்காந்துக்கோணுமா? உனக்கென்ன தலையெழுத்து?" என்றார் இவர்.

"இங்க செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கறதுக்கு அங்க போயி டைப் அடிக்கறனுங்க. ரிப்போர்ட்தானுங்க, நானென்ன திருடனையா புடிக்கப் போறேன்?"

ரிப்போர்ட் டைப் செய்வது, சாதாரண போன்களை எடுப்பது, கடிதப் போக்குவரத்து. அவ்வளவுதான் என் வேலை. அறையின் மறுபக்கத்தில் வயர்லெஸ் ரேடியோவும் அவசர போனும் இருந்தன. அதற்கு அறுபது வயதை நெருங்கும் ஒரு பெண்மணி. மனசுக்குள் அவரை நான் ரேடியோக்காரம்மா என்றுதான் சொல்லிக்கொள்வேன். டெபுடிகள் எங்கே போகிறார்கள், எப்போது திரும்புகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பது அவர் வேலை. அவர் எழுந்து வெளியே போனால் ரேடியோவை நான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கவுண்டியின் வடக்கில் ஆற்றோரம் ஒரு பெரிய பள்ளத்தாக்கு. எல்லோரும் அதைப் பள்ளம் என்றே சொல்வார்கள். அங்கே இறங்கிவிட்டால் ரேடியோ எடுக்காது. போகும் டெபுடி மேட்டில் காரை நிறுத்தி, "பள்ளத்துக்குள்ள இறங்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். மறுபடியும் மேலே ஏறிவந்து குரல் கொடுக்கும்வரை அவர் உயிரோடு இருக்கிறாரா என்பது யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் ரேடியோக்காரம்மா பேச மாட்டார். கையிலிருக்கும் சிகரெட் தானே எரிந்து சாம்பலாகிக் கீழே விழும்.

குண்டு துளைக்காத சட்டைகள் ஆபீசில் இரண்டே இரண்டுதான் இருந்தன. வேறு ஏதோ ஊர் போலீஸ் கழித்துப் போட்டவை. டெபுடிகளிலேயே மூத்தவர் ஒருவர் இருந்தார். கனத்த உடம்பு, முழங்கால் வலி, மெதுவான பேச்சு. அந்தச் சட்டை அவர் வயிற்றைச் சுற்றி வராது. அதனால் அதைக் காரின் டிக்கியில் போட்டு வைத்திருப்பார். மழையில் என் கார் சேற்றில் சிக்கியபோது கயிறு கட்டி இழுத்துவிட்டவர் அவர்தான். என்னை எப்போதும் "மேம்" என்றுதான் கூப்பிடுவார்.

ரேடியோக்காரம்மாவுக்குப் பல் வலி வந்த அன்று அவர் பக்கத்து ஊர் பல் டாக்டரிடம் போயிருந்தார். மதியம் கழிந்த நேரம். அவசர போன் அடித்தது. ஒரு பெண், மிகவும் தாழ்ந்த குரலில், தன் கணவன் வீட்டிலிருக்கும் எல்லாவற்றையும் உடைக்கிறான், வண்டியிலிருந்து துப்பாக்கியை எடுத்துவரப் போகிறான் என்றாள். முகவரி சொன்னாள். பள்ளத்துக்குள் இருக்கும் வீடு. பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்தது.

சாலையில் இருந்தது அந்த மூத்த டெபுடிதான். முகவரியைச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் மேட்டிலிருந்து அவர் குரல் வந்தது. "மேம், பள்ளத்துக்குள்ள இறங்கறேன்."

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

ரேடியோவிலிருந்து எண்ணெயில் எதையோ போட்டதுபோல ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. பொத்தானை அழுத்திக் கூப்பிட்டேன். நான் கூப்பிடுவது அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும் கூப்பிட்டேன். ஷெரீஃப் அன்று வேறோர் ஊரில் கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் நின்றிருந்தார். அங்கே போனை எடுத்தவர், இப்போது கூப்பிட முடியாது, சொல்லி வைக்கிறேன் என்றார். பக்கத்துக் கவுண்டிக்குப் போன் செய்தேன். கார் அனுப்புகிறோம், ஆனால் தூரம், நேரமாகும் என்றார்கள். அதற்குமேல் எனக்குச் செய்ய எதுவும் இல்லை. மூத்த டெபுடி மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடி என் மேஜைமேல் இருந்தது. அதைப் பார்க்க முடியாமல் அதன்மேல் ஒரு காகிதத்தை எடுத்து மூடினேன்.

கடைசியில் குரல் வந்தது. வழக்கமான அதே மெதுவான குரல்.

"மேம், உங்க வீட்டுக்காரர் இப்ப ஆஸ்பத்திரியில இருக்காரா?"

"இருக்கார்" என்றேன், எதற்குக் கேட்கிறார் என்று புரியாமல்.

"கொஞ்சம் ரெடியா இருக்கச் சொல்லுங்க. நான்தான் பேஷன்ட்."

பறவை சுடும் துப்பாக்கி. அவர் கார்க் கதவைத் திறந்தபோதே சுட்டிருக்கிறான். சிறு சிறு ரவைகள் கண்ணாடியை உடைத்து அவர் தோளிலும் கழுத்தோரத்திலும் ஏறியிருந்தன. அந்தப் பெண் வீட்டிலிருந்து ஓடிவந்து காரின் பின்சீட்டில் படுத்துக்கொண்டாள். ஒரு கையால் ஓட்டிக்கொண்டு அவர் மேடேறியிருக்கிறார். சாயங்காலம் பக்கத்துக் கவுண்டி ஆட்களும் ஷெரீஃப்பும் போனபோது அவன் வாசல் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தானாம்.

வீட்டுக்கு வந்ததும் இவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "அந்தச் சட்டையப் போட்டிருந்தா தோள்ல ஒண்ணும் ஆகியிருக்காது. டிக்கியில கெடந்துச்சாம்" என்றார். பிறகு, "கழுத்துல ஏறுனது இன்னுங் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தா அவ்வளவுதான். நீ நாளைக்குப் போகாத, கண்ணு" என்றார்.

போனேன். ஏன் என்று இன்றுவரை என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. தைரியம் இல்லை அது. ரேடியோக்காரம்மா எழுந்து போகும் நேரத்தில் அந்த ரேடியோ கேட்க ஆளில்லாமல் பேசிக்கொண்டிருக்கும் என்று நினைத்தது வீட்டில் இருப்பதைவிடப் பயமாக இருந்தது.

அந்த வாரம் ஷெரீஃப் என் மேஜைக்கு ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். கிராமப்புறப் போலீஸுக்கு அரசாங்கம் மானியம் கொடுக்கிறது. ஆளுக்கொரு சட்டை, முன்புறம் குண்டு துளைக்காத கண்ணாடி, பூட்டுள்ள கதவு, மேஜைக்கு அடியில் ஓர் அபாயப் பொத்தான், பள்ளத்துக்காக ஒரு ரேடியோ டவர். எல்லாவற்றுக்கும் கேட்கலாம். ஆனால் ஒரு பங்கைக் கவுண்டி தன் கையிலிருந்து போட வேண்டும். கவுண்டியின் பணப்பெட்டி, நம் ஊர்ப் பஞ்சாயத்து உறுப்பினர்கள்போலத் தேர்ந்தெடுக்கப்பட்ட கமிஷனர்கள் கையில். அவர்களோ ஷெரீஃப் வாயைத் திறந்தபோதே, மழை இல்லை, பருத்தி போய்விட்டது, பாலங்கள் இடிந்து கிடக்கின்றன, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"நீங்க எழுதுங்க. எனக்கு 'தேவை' அப்படின்னு ஒரு வார்த்தைக்கு மேல எழுத வராது" என்றார் ஷெரீஃப்.

என்ன ஆபத்து என்று விவரமாக எழுத வேண்டிய பகுதி ஒன்று அதில் இருந்தது. அதற்காக, தோளில் கட்டோடு வேலைக்குத் திரும்பியிருந்த மூத்த டெபுடியிடம் சில நாள் கழித்துக் கேட்டேன். "நீங்க பயந்தீங்களா?"

அவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "சாகறதுக்கு இல்ல, மேம். அடிபட்டுக் கீழ கிடந்தா, நான் கிடக்கறேன்னு யாருக்கும் தெரியாதே, அதுக்குத்தான். கத்தினா மாடுகளுக்குத்தான் கேக்கும். இப்பல்லாம் அந்த மேட்டுக்கு வந்தா, வெளிய சத்தம் ஏதாவது கேக்குதான்னு ஏ.சி.ய நிறுத்திடறேன். என் கை ஸ்டியரிங்ல வழுக்குது." பிறகு, "இத எழுதாதீங்க. என் மனைவி படிச்சுடுவா" என்றார்.

அவர் பெயரைச் சொல்லாமல் எழுதினேன்.

சுட்டவனை ஜாமீனில் விட்டுவிட்டார்கள் என்ற செய்தி அதற்குள் வந்தது. அவன் அண்ணன் மாடுகளை விற்று எடுத்தானாம். கோர்ட் அவனை மனைவி பக்கம் போகக் கூடாது என்று தடுத்திருந்தது. அவள் வேறோர் ஊரில் உறவினர் வீட்டில் இருந்தாள். அந்த முகவரி எங்கள் ஆபீசுக்கு மட்டும் தெரியும்.

அவன் வந்த அன்று அந்த முகவரி உள்ள கோர்ட் காகிதத்தைக் காலையில் நானே டைப் செய்து என் இடது முழங்கைப் பக்கம் வைத்திருந்தேன். வலது பக்கம் மானிய விண்ணப்பம். ரேடியோக்காரம்மா தன் இடத்தில் இருந்தார். நல்ல வெயில். ஆனாலும் உள்ளே வந்தவன் ஜாக்கெட் போட்டிருந்தான். முகம் மழித்து, தலையை நனைத்துப் படிய வாரி, கோயிலுக்குப் போகிறவன்போல் இருந்தான். குட்டைக் கதவை முழங்காலால் தள்ளினான். வலது கை ஜாக்கெட் பைக்குள் இருந்தது.

என் மேஜைக்கும் வாசலுக்கும் நடுவில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். ரேடியோக்காரம்மாவைத் திரும்பிப் பார்த்து, "அந்த மைக்கக் கீழ வைங்க" என்றான். கோபமே இல்லாத குரல். அவர் வைத்தார்.

"ஷெரீஃப் வெளியே போயிருக்கார்" என்றேன்.

"ஷெரீஃப் எதுக்கு? என் மனைவி எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியும். நீங்கதானே டைப் அடிக்கிறவங்க."

"எனக்குத் தெரியாது."

"தெரியும்" என்றான் மறுபடியும், பொறுமையாக. "நான் காத்திருக்கேன்."

முழங்கையை அந்தக் காகிதத்தின்மேல் ஊன்றிக்கொண்டேன். கையை எடுத்தால் முகவரி தெரியும். எடுக்காவிட்டால், எதையோ மறைக்கிறேன் என்பது தெரியும். ரேடியோவில் மூத்த டெபுடி ஏதோ கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டார். அவன் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

அப்போது என் மேஜையில் இருந்த சாதாரண போன் அடித்தது.

"எடுங்க" என்றான். "எப்பவும் பேசற மாதிரி பேசுங்க."

இவர்தான். "இன்னிக்குப் பாப்பாவ நீ பிக்-அப் பண்றியா, நான் பண்ணட்டுமா?"

தமிழில் சொல்லிவிடலாம் என்று மின்னல்போலத் தோன்றியது. ஆனால் நாங்கள் பேசும் தமிழில் பாதி ஆங்கிலம். டெபுடி, ஷெரீஃப், போலீஸ், கன், சைரன். இதில் ஒரு வார்த்தை வாயிலிருந்து விழுந்தாலும் இவனுக்குப் புரிந்துவிடும். வார்த்தை வார்த்தையாகப் பொறுக்கினேன்.

"ஏனுங்க, நாஞ் சொல்றத மட்டும் கேளுங்க. போன மாசம் ஒரு பெரியவர் தோள்லயிருந்து ரவை எடுத்தீங்களே, அந்தக் காரியத்தச் செஞ்சவன் என்ற பக்கத்துல உக்காந்திருக்கறான்."

"என்ன? வெளையாடறியா?"

"கை ஜோப்புக்குள்ள இருக்குது. பொண்டாட்டி எங்கன்னு கேக்கறான். நீங்க ஓடிப்போயி காக்கிச்சட்டைக்காரங்க யாரையாச்சும் அனுப்புங்க. சத்தமில்லாம வரச் சொல்லுங்க. பாப்பாவ நீங்களே கூட்டிக்கோங்க."

என்னால் மறக்கவே முடியாத ஒரு குரலில், "கண்ணு, நீ சிரி. சிரிச்சுட்டே போன வை" என்றார்.

சிரித்தேன். எப்படி வந்தது என்று தெரியாது. அந்தச் சிரிப்பு அறைக்குள் யாரோ தட்டைக் கீழே போட்டதுபோலக் கேட்டது.

"அது என்ன பாஷை?" என்றான் அவன்.

"எங்க ஊர் பாஷை."

"என்ன சொன்னீங்க?"

"குழந்தையப் பள்ளிக்கூடத்துலேருந்து கூட்டிட்டு வரச் சொன்னேன்."

"எங்களுக்குக் குழந்தை இல்லை" என்றான். பிறகு என் மேஜைமேல் கண்ணை ஓட்டி, வலது பக்கமிருந்த விண்ணப்பத்தை இடது கையால் இழுத்தான். முதல் பக்கத்தைப் படித்தான். அடுத்ததற்குப் போனான். தன்னைப் பற்றி எழுதியிருந்த பகுதிக்கு வந்தபோது அவன் உதடு அசைந்தது. நான் எழுதிய ஆங்கில வாக்கியங்களை அவன் முணுமுணுப்பாகப் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இது நானா?" என்றான்.

முழங்கையை இன்னும் அழுத்தி ஊன்றினேன்.

"கண்ணாடி, பூட்டு, சட்டை... இதெல்லாம் என்னாலயா?"

அடுத்த பக்கத்தைப் புரட்டினான். காகிதங்கள் தைக்காமல் இருந்ததால் நழுவின. பிடிப்பதற்காக வலது கையை வெளியே எடுத்தான். இரண்டு கையிலும் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து அவன் படித்துக்கொண்டிருந்தபோது, கூடத்தில் செருப்பில்லாத கால்களின் சத்தம்போல ஏதோ கேட்டது. மூத்த டெபுடி பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்திருந்தார். அவருக்குப் பின்னால் நெடுஞ்சாலைப் போலீஸ்காரர் ஒருவர். அந்தக் குட்டைக் கதவு ஆடிய சத்தத்தில் அவன் நிமிர்வதற்குள் இரண்டு மணிக்கட்டும் அவர்கள் பிடியில் இருந்தன. காகிதங்கள் தரையெல்லாம் பறந்தன.

ஜாக்கெட் பையில் கைத்துப்பாக்கி இருந்தது. குண்டு போட்டிருந்தது.

அவனைக் கொண்டுபோன பிறகு ரேடியோக்காரம்மா குப்பைக் கூடையை இழுத்து வைத்துக்கொண்டு வாந்தி எடுத்தார். நான் தரையில் கிடந்த காகிதங்களைப் பொறுக்கினேன். ஆஸ்பத்திரிக்கு எதிர்க் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த போலீஸ்காரரை இவர் வெள்ளைக் கோட்டோடு ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். ரேடியோவில் பதில் வராததால் டெபுடியும் அப்போதே ஆபீஸை நோக்கித் திரும்பியிருந்தார். தெருமுனையில் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். இதெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது, இவர் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து கூடத்தில் நின்றதும், மகள், "அம்மா, வை ஆர் யூ ஸ்வெட்டிங்?" என்று கேட்டதும்தான்.

கமிஷனர்கள் கூட்டத்துக்கு ஷெரீஃப் என்னையும் வரச் சொன்னார். அதற்கும் பயந்தேன். துப்பாக்கிக்குப் பயந்தது ஒரு விதம், இது வேறு. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரிய பெரிய மனிதர்கள். புடவை கட்டிக்கொண்டு போகலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று பேன்ட் போட்டுக்கொண்டு போனேன்.

பருத்தி விவசாயியான ஒரு கமிஷனர் முதலில் பேசினார். "எங்க அப்பா காலத்துலேருந்து அந்தக் கவுன்ட்டர் அப்படித்தான் இருக்கு. ஜனங்க ஷெரீஃப்பைப் பார்க்க வந்தா கையைக் குலுக்கணும். கண்ணாடிக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிற ஆபீஸ் நமக்கு எதுக்கு?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. என் மகளுக்குப் பள்ளி விழாவில் கன்றுக்குட்டியைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்தவர். அவரைப் பார்த்துப் பேசுவதுதான் எனக்குச் சுலபமாக இருந்தது. என் நாற்காலி எங்கே இருக்கிறது, அவன் எங்கே உட்கார்ந்தான், வாசல் எங்கே என்று சொன்னேன். கையை ஊன்றியிருந்த காகிதத்தைப் பற்றிச் சொன்னேன். "அந்த அறையில நான் கத்தினா ஜெயில்ல இருக்கறவங்களுக்குத்தான் சார் கேக்கும். அவங்க பூட்டின கதவுக்குப் பின்னால பத்திரமா இருக்காங்க" என்றேன். யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். அந்தக் கமிஷனர் சிரிக்கவில்லை. தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

பங்குப் பணம் போடச் சம்மதித்தார்கள். ஆனால் முழுவதற்கும் இல்லை. கண்ணாடி, பூட்டு, பொத்தான், சட்டைகள். டவர் மட்டும் அடுத்த வருடம் பார்க்கலாம். அந்தப் பருத்தி கமிஷனரும் கையைத் தூக்கினார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். பேசியது நான், அதனால் எனக்கு வேண்டியது முதலில் வந்துவிட்டது. டெபுடி பேசவில்லை, அவருடையது தள்ளிப்போனது. அவர் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. புதிய சட்டை வந்த அன்று வயிற்றைச் சுற்றிச் சரியாகப் பொருந்துகிறது என்று எங்களிடம் காட்டிவிட்டுப் போனார். ஆனால் தடித்த கண்ணாடிக்குப் பின்னால், பூட்டிய கதவுக்குள் உட்கார்ந்துகொண்டு, "பள்ளத்துக்குள்ள இறங்கறேன், மேம்" என்ற குரலைக் கேட்பது முன்னைவிடக் கஷ்டமாக இருந்தது. முன்பு எங்கள் எல்லோருக்கும் ஒரே பயம். இப்போது அவர்கள் மட்டும் வெளியே இருந்தார்கள்.

டவர் அடுத்த வருடம் வரவில்லை, அதற்கடுத்த வருடம் வந்தது. நடுவில் பள்ளத்தில் வேறெதுவும் நடக்கவில்லை. நடக்காமல் இருந்ததற்கு நாங்கள் யாரும் காரணம் இல்லை.

கண்ணாடி வைத்துச் சில மாதம் கழித்து அந்தப் பெண் வந்தாள். அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான் தெரியும். கண்ணாடியில் பேசுவதற்கென்று வட்டமாகத் துளைகள் போட்டிருந்தார்கள். அவள் அதன் அருகில் வாயை வைத்து ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. இன்னும் உரக்கப் பேசுங்கள் என்று கையைக் காட்டினேன். கூடத்தில் கார் நம்பருக்காகக் காத்திருந்த இரண்டு ஆண்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள். போனில் கேட்ட அந்தத் தாழ்ந்த குரலுக்கு மேல் பேச அவளுக்கு வராது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

புதுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன். என் பின்னால் அது தானாகப் பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. ரேடியோக்காரம்மா உள்ளேயிருந்து கண்ணாடியைத் தட்டி, என்ன செய்கிறாய் என்பதுபோலப் பார்த்தார். வாசலைப் பார்த்தேன். தெருவில் வெயில், ஒரு லாரி போயிற்று.

சுவரோரமிருந்த பெஞ்சில் அவளை உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். "இப்ப சொல்லுங்க" என்றேன்.

அவனுக்குத் தண்டனை ஆகிவிட்டது, எப்போது வெளியே வருவான் என்று தெரியவேண்டும், வந்தால் தனக்கு யார் சொல்வார்கள் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைக் கேட்டு எழுதுகிறேன் என்றேன். பேசும்போதெல்லாம் இரண்டு பேரும் மாறிமாறி வாசலைப் பார்த்துக்கொண்டோம்.

இரண்டாயிரத்து ஒன்றில் இவருக்கு டாலஸ் பக்கம் வேலை கிடைத்து காப்பெல்லுக்குக் குடிபோனோம். கடைசி நாள் ரேடியோக்காரம்மா எனக்கு ஒரு கேக் செய்துகொண்டு வந்தார். மூத்த டெபுடி வரவில்லை, வேலையில் இருந்தார். ரேடியோவில், "ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க, மேம்" என்றார். குரல் பள்ளத்துக்குள்ளிருந்து, கரகரப்பில்லாமல் வந்தது.